தானாகக் கற்றவர் என்று யாருமில்லை: ஜங்கர் சிங் ஷ்யாம் முதல் பீமாயணம் வரை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கருவடிக்குப்பத்தில் நம் படிப்பு வட்டத் தோழர்கள் கூடியிருந்தோம். புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் சுவரெழுத்து எழுதுகிறவர். ஏப்ரல் 14 நெருங்கினால் சுற்றுப்பட்டுத் தெருக்களில் அண்ணல் அம்பேத்கரின் முகம் அவர் கையால்தான் எழும். அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது கூச்சத்தோடு எழுந்து நின்றார். "நான் யாருகிட்டயும் கத்துக்கல அண்ணே. பாத்துப் பாத்து வந்துச்சு. ஓவியர்னுலாம் சொல்லாதீங்க" என்றார்.

பேச்சை விடாமல் கேட்டோம். முதலில் தூரிகையைக் கையில் கொடுத்தது யார்? மாமா ஒருவர். பெயின்டர். பள்ளி விடுமுறையில் அவரோடு சாரத்தில் ஏறி டப்பா பிடித்திருக்கிறார், நிறம் கலக்கியிருக்கிறார், கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கும் கணக்கைப் படித்திருக்கிறார். கோடு கை நடுங்காமல் வருவது எப்படி? வாசலில் அம்மா புள்ளி வைத்துக் கோலம் போடும்போது சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் புள்ளிகளை இணைத்திருக்கிறார். ஆக, அவருக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தினக்கூலி பெயின்டர். இன்னொருவர் வீட்டு வேலைக்குப் போகும் பெண். இந்த இருவரையும் 'யாரும் இல்லை' என்ற கணக்கில் சேர்க்க அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

கருவடிக்குப்பம் கலைக்குப் புதிய ஊரல்ல. பாரதி புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில் வந்துபோன தோப்பு இங்கேதான். குயில் பாட்டு பிறந்த இடம் என்று அந்தத் தோப்பைக் கொண்டாடுகிறோம். 1922இல் புதுச்சேரியில் காலமான நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் உறங்குவதும் இந்த மண்ணில்தான். இந்தப் பெயர்கள் நிலைத்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் தோப்பில் குயிலைக் கேட்டவரின் பெயர் தெரிந்த நமக்கு, அந்தத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களின், மரமேறிக் காய் பறித்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. அவர்களும் குயிலைக் கேட்டிருப்பார்கள். அவர்களும் பாடியிருப்பார்கள்.

அந்தத் தம்பிக்குச் சொன்ன ஒரு வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 'தானாகக் கற்ற ஓவியர்', 'இயற்கையின் குழந்தை' என்றெல்லாம் புகழப்பட்ட ஓர் ஆதிவாசி ஓவியரின் வரலாறு. அந்தப் புகழுக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதன் வரலாறு.

பாணர்களின் ஊர்

மத்தியப் பிரதேசத்தின் கிழக்கே, நர்மதை ஆறு தொடங்கும் மேட்டு நிலத்தில் பாடன்கர் என்று ஒரு சிற்றூர். அப்போது மண்ட்லா மாவட்டத்தில் இருந்தது, இப்போது திண்டோரி மாவட்டத்தில் இருக்கிறது. ஜங்கர் சிங் ஷ்யாம் 1960களின் தொடக்கத்தில் அங்கே பிறந்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த சமயத்தில் பிறந்ததால்தான் கணக்கெடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவருக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்லப்படுகிறது.

அவர் பிறந்தது பர்தான் சமூகத்தில். பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். பாணா என்ற நரம்பிசைக் கருவியை மீட்டிக்கொண்டு, கோண்டுக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்க் குலக்கதைகளையும் தெய்வங்களின் கதைகளையும் பாடுவார்கள். தானியமும் துணியும் சில சமயம் ஆடு மாடும் பரிசாகக் கிடைக்கும். அவர்களுடைய தொன்மக் கதையில் ஏழு அண்ணன் தம்பிகள். பெருந்தெய்வமான படா தேவ் சாஜா மரத்தில் (நம் ஊர்க் கருமருது இனம்) குடியிருக்கிறார். பாணாவை மீட்டி அவரை எழுப்பும் பொறுப்பு கடைசித் தம்பிக்கு வருகிறது. அந்தத் தம்பியின் வழிவந்தவர்கள்தான் பர்தான்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாணர் பாடாமல் சாமி எழாது. ஆனால் பாடிப் பரிசு பெறுகிறவர் என்பதாலேயே கோண்டுகளுக்கு ஒரு படி கீழேதான் பர்தான்கள் வைக்கப்பட்டார்கள். பறை ஒலிக்காமல் திருவிழாவும் இல்லை, சாவும் இல்லை. ஆனால் பறை அடிப்பவருக்குத் திண்ணையில் இடமில்லை என்ற ஊரிலிருந்து வருகிற நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆதிவாசிகளின் அனுபவமும் தலித்துகளின் அனுபவமும் ஒன்றல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனாலும் கலையை வாங்கிக்கொண்டு கலைஞரை வாசலில் நிறுத்தும் வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

கோண்டு வீடுகள் ஏழையாக ஆக, பாணர்களுக்குக் கிடைத்த பரிசும் வற்றியது. பாணாவை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் பலர் கூலி வேலைக்குப் போனார்கள். ஜங்கர் வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். வறுமையில் படிப்பு நின்றது. மாடு மேய்த்தார். பால் கொண்டுபோய் விற்றார். பதினாறு வயதை ஒட்டித் திருமணம் ஆனது. மனைவி நன்குசியா. பிற்காலத்தில் அவரும் ஓவியர்.

அந்த வீடுகளின் சுவர்களையும் தரையையும் பெண்கள் சாணத்தாலும் மண்ணாலும் மெழுகுவார்கள். ஈரம் காயும் முன்பே வெள்ளை மண், செம்மண், கருமண் கொண்டு கோண வடிவங்களை அடுக்கி வரைவார்கள். இதற்கு டிக்னா என்று பெயர். நம் கோலத்தின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு மண்ணைக் குழைத்துச் சுவரில் புடைப்பாக உருவங்கள் செய்வதும் உண்டு. திருமணத்துக்கும் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஒவ்வொரு வடிவம். பாட்டியிடமிருந்து பேத்திக்கு, தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்தது. மாதக் கட்டணமும் சான்றிதழும் இல்லாத ஒரு பள்ளிக்கூடம் அது.

ஜங்கர் அந்தப் பள்ளியில் படித்தவர். பெண்களின் கோடுகளைப் பார்த்தார், பாணர்களின் பாட்டைக் கேட்டார், உடம்பில் குத்திய பச்சையின் புள்ளிகளைப் பார்த்தார். அவர் சுவரில் வரைந்தபோது இவை மூன்றும் ஒன்றாக வந்தன.

போபாலுக்குப் போன சுவர்

1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தை மத்தியப் பிரதேச அரசு கட்டிக்கொண்டிருந்தது. கட்டடம் சார்லஸ் கோரியாவுடையது. 1982 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் ஓவிய அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்றவர் ஜே. சுவாமிநாதன். சிம்லாவில் 1928இல் பிறந்த தமிழர். இளமையில் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்தவர், பிறகு ஓவியர். அவர் மாணவர்களையும் இளம் ஓவியர்களையும் குழுக்களாகப் பிரித்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படிப் போன ஒரு குழு பாடன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் நின்றுவிட்டது. ஜங்கர் வரைந்த சுவர்.

அவரை போபாலுக்கு அழைத்து வந்தார்கள். பாரத் பவனின் அச்சோவியப் பிரிவில் வேலை கிடைத்தது. முதன்முறையாகக் காகிதம், மை, போஸ்டர் வண்ணம், பிறகு கான்வாஸ், அக்ரிலிக். மண்ணின் மூன்று நிறத்தில் பழகிய கை திடீரென்று கடைப் பச்சையையும் நீலத்தையும் மஞ்சளையும் தொட்டது. 1986இல் மாநில அரசின் சிகர் சம்மான் விருது பெற்றபோது அவர் இருபதுகளில் இருந்தார்.

சுவாமிநாதனின் நிலைப்பாட்டை நாம் மதிக்க வேண்டும். நகரத்து ஓவியரின் படத்தையும் ஆதிவாசியின் படத்தையும் ஒரே கூரையின் கீழ், ஒரே காலத்தின் கலையாக அவர் வைத்தார். ஆதிவாசி என்றால் பழங்காலத்தின் மிச்சம், அவர்களுடைய பொருள் மானிடவியல் கண்ணாடிப் பெட்டிக்கு உரியது என்று கருதப்பட்ட நாட்டில் இது பெரிய உடைப்பு. ஆனாலும் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைப் பாருங்கள். ஜங்கரைச் சுவாமிநாதன் கண்டுபிடித்தார் என்றே இன்றுவரை எழுதுகிறார்கள். அமெரிக்காவைக் கொலம்பஸ் கண்டுபிடித்த கதைதான். பாடன்கரின் பெண்களுக்கு அந்தச் சுவர் யார் கை என்று ஏற்கெனவே தெரியும்.

மானும் மரமும் சிலந்தியும்

ஜங்கர் என்ன வரைந்தார்? முதலில் தெய்வங்களை. அதுவரை கல்லாகவும் மரமாகவும் பாட்டாகவும் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு அவர்தான் உருவம் கொடுத்தார். பாணர்கள் பாடியதை அவர் வரைந்தார். பாணாவில் ஒலித்த கதை வண்ணத்துக்கு மாறியது.

அடுத்து விலங்குகளும் மரங்களும். மானின் கொம்பு கிளைத்துக் கிளைத்து மரமாகும். மரத்தின் கிளையில் பறவை அலகாக முடியும். முதலை, ஆமை, பாம்பு, புலி, சிலந்தி. ஒரு விலங்கின் வெளிக்கோட்டை வரைந்தபின் உள்ளே ஒரே நிறத்தை அப்பிவிட மாட்டார். புள்ளி, சிறுகோடு, பிறை, அலை என்று வரிசை வரிசையாக நிரப்புவார். பச்சை குத்திய தோல் போல, காற்றில் அசையும் வயல் போல அந்த உடம்பு அதிரும். இந்த நிரப்பும் முறைதான் அவருடைய கையெழுத்து. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு நிரப்பு வடிவத்தை வகுத்துக்கொண்டார்கள். தானியம், விதை, மீன்செதில், சங்கிலி என்று. கோடு நிரம்பியிருப்பதைப் பார்த்தே படம் யாருடையது என்று சொல்லிவிடலாம். இந்த வழிக்கு 'ஜங்கர் கலம்' என்றே பெயர் வந்தது. கலம் என்றால் எழுதுகோல்.

தன் போபால் வீட்டுக்கு ஊரிலிருந்து தம்பிகளையும் மருமகன்களையும் உறவுப் பெண்களையும் வரவழைத்தார். சோறு போட்டார், தூரிகை கொடுத்தார். போபாலில் இரவுக் காவலாளியாகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்த அண்ணன் மகன் பஜ்ஜு ஷ்யாம் அப்படி வந்தவர்தான். சித்தப்பாவின் பெரிய படங்களில் நுண்கோடுகளை நிரப்பிக் கற்றுக்கொண்டார். பஜ்ஜு பிறகு லண்டனில் ஓர் உணவகச் சுவரை வரைய இரண்டு மாதம் போய், அந்த அனுபவத்தைச் சென்னை தாரா பதிப்பகத்தில் 2004இல் புத்தகமாக்கினார். அதில் பிக் பென் கடிகாரம் சேவலாகிறது. இரண்டுமே நேரம் சொல்பவை அல்லவா. பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாகிறது. விமானம் சிறகு முளைத்த யானையாகிறது. இவ்வளவு காலமும் வெள்ளைக்காரன் காட்டுக்கு வந்து ஆதிவாசியைப் பற்றி எழுதினான். பாடன்கரிலேயே வெரியர் எல்வின் பல ஆண்டுகள் குடியிருந்து மத்திய இந்தியப் பழங்குடிகளின் கலையைப் பற்றி எழுதினார். இப்போது அதே ஊர்க்காரர் லண்டனுக்குப் போய் வெள்ளைக்காரர்களைப் பற்றித் தம் கோட்டில் எழுதிவிட்டார். 2018இல் பஜ்ஜுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

யாருடைய காடு?

'இயற்கையின் தூண்டுதல்' என்று கலைப் பக்கங்களில் எழுதுவார்கள். தோழர்களே, இந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் நின்று கேள்வி கேட்க வேண்டும். சுற்றுலா போனவர் மலையைப் பார்த்துப் பரவசப்படுவதும், மாடு மேய்த்தவர் காட்டைத் தெரிந்துவைத்திருப்பதும் ஒன்றா? எந்த மரத்தின் பூ உணவாகும், எந்தப் பாதையில் மான் தண்ணீருக்கு இறங்கும் என்பது ஜங்கரின் மக்களுக்கு அழகு மட்டுமில்லை, பிழைப்பு.

அந்தக் காடு அவர்கள் கையிலிருந்து பறிபோன கதையும் அதே நூற்றாண்டில்தான் நடந்தது. 1878, 1927 ஆண்டுகளின் வனச் சட்டங்கள் காட்டை அரசாங்கச் சொத்தாக்கின. விறகு பொறுக்குவது குற்றமானது. மண்ட்லா வட்டாரத்துக் கான்ஹா காடு 1955இல் தேசியப் பூங்காவானது, 1973இல் புலிகள் திட்டத்தில் சேர்ந்தது. பைகா, கோண்டுக் கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. நர்மதையின் மேல் கட்டிய பர்கி அணை மண்ட்லா, சிவனி, ஜபல்பூர் மாவட்டங்களில் பல ஊர்களை மூழ்கடித்தது. அங்கும் பெரும் இழப்பு ஆதிவாசிகளுக்கே. 'வரலாற்று அநீதி'யைச் சரிசெய்வதாகச் சொல்லி வன உரிமைச் சட்டம் வர 2006 ஆனது.

அதாவது ஓவியத்தில் மான் பெருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மானோடு வாழ்ந்தவர்கள் காட்டிலிருந்து குறைந்துகொண்டிருந்தார்கள். நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் கோண்டு மான் மாட்டப்பட்டிருக்கும். அந்த மானின் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அதே நகரத்தில் கட்டட வேலையில் செங்கல் சுமப்பார். ஆகவே இந்தப் படங்களை 'இயற்கை வர்ணனை' என்று மட்டும் பார்ப்பவர் பாதிதான் பார்க்கிறார். இது எங்கள் இடம், இதன் பெயர்கள் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லும் ஆவணமும் அதில் இருக்கிறது.

பாரிஸும் ஜப்பானும்

1989இல் பாரிஸில் 'பூமியின் மந்திரவாதிகள்' என்ற பெரும் கண்காட்சி நடந்தது. நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரம். ஏறத்தாழ நூறு கலைஞர்கள், பாதிப் பேர் மேற்கிலிருந்து, பாதிப் பேர் உலகின் மற்றப் பகுதிகளிலிருந்து. ஜங்கர் அதில் கலந்துகொண்டார். போபாலின் புதிய சட்டமன்றக் கட்டடத்திலும் அவருடைய பெரிய சுவரோவியம் இடம்பெற்றது. ஜப்பானுக்கும் அழைப்பு வந்தது. முதல்முறை போய்வந்த மகிழ்ச்சியில் அந்தச் சமயம் பிறந்த மகளுக்கு ஜபானி என்று பெயர் வைத்தார். ஜபானி ஷ்யாமும் அவருடைய சகோதரர் மயங்க் ஷ்யாமும் இன்று அறியப்பட்ட ஓவியர்கள்.

2001இல் அதே ஜப்பானில், நீகாட்டா பகுதியின் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கிப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். தங்கும் காலம் நீட்டிக்கப்பட்டது. ஊர் திரும்ப வேண்டும் என்ற ஏக்கத்தோடு வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூலை மாதம் அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவரவே போராட வேண்டியிருந்தது. இந்திய ஓவியர்களும் எழுத்தாளர்களும் விளக்கம் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். என்ன நிபந்தனையில் வேலை செய்தார், என்ன ஊதியம், திரும்பும் உரிமை யார் கையில் இருந்தது என்ற கேள்விகள் எழுந்தன. அருங்காட்சியகத் தரப்புக்கும் அதன் பதில் இருந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொழி தெரியாத ஊரில், தனியாக, ஒரு தொழிலாளிக்குத் தேவையான எந்தப் பாதுகாப்பும் உறுதியாக இல்லாமல் ஒரு பெருங்கலைஞர் இருந்தார். வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போன நம் பையன்களைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்கும் அதே கேள்விகள் இவரைப் பற்றியும் எழுந்தன. 'இயற்கையின் குழந்தை' என்று ஒருவரைப் புகழ்ந்துவிட்டால் குழந்தையிடம் யார் ஒப்பந்தம் போடுவார்கள்? குழந்தைக்கு எதற்கு வக்கீல், சங்கம், ராயல்டி? புகழ்ச்சியின் சொல்லே உரிமையை மறைக்கிறது. 2010இல் நியூயார்க் ஏலத்தில் அவருடைய சிலந்திப் படம் ஒன்று 31,250 டாலருக்குப் போனது. அப்போது அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

யார் எதை வரையலாம்?

இது ஆதிவாசிகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பீகாரின் மிதிலை ஓவியத்தைப் பாருங்கள். 1960களின் நடுவில் பஞ்சம் வந்தபோது, பெண்கள் சுவரில் வரைந்ததைக் காகிதத்தில் வரையச் சொல்லி விற்க ஏற்பாடு நடந்தது. முதலில் புகழ் பெற்றவர்கள் பிராமண, காயஸ்தப் பெண்கள். அவர்களின் திருமண அறை ஓவியமும் ராமன் சீதை கதைகளுமே 'மிதிலை மரபு' ஆனது. அதே ஊர்களின் துசாத் சமூகப் பெண்கள், தலித் பெண்கள், 1970களில் தங்கள் உடம்பில் குத்தியிருந்த பச்சை வடிவங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் சானோ தேவி. காகிதத்தில் சாணம் கரைத்துப் பூசினார்கள். வரிசை வரிசையாகப் பூவும் விலங்கும் மனிதரும். கதைக்கு ராமனைத் தேடவில்லை. தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேஸை வரைந்தார்கள். மேல்சாதியின் கதை மறுக்கப்பட்ட இடத்தில் தங்கள் கதையை வைத்தார்கள். அந்த மரபைச் சேர்ந்த சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் இணையருக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இடையில் கழிந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

துலாரி தேவி மீனவ மல்லாஹ் சமூகத்தில் பிறந்தவர். மிதிலை ஓவியர்களின் வீட்டில் வேலைக்காரப் பெண்ணாகப் போன இடத்தில் ஓவியம் கற்றவர். 2021இல் பத்மஸ்ரீ. இவர்களில் யாரும் 'தானாக' முளைத்தவர்கள் இல்லை. பள்ளியின் கதவு சாத்தப்பட்டிருந்ததால் வேறு கதவு வழியாக வந்தவர்கள்.

பீமாயணம்: கோடு நம் பக்கம் வந்தபோது

ஜங்கரின் மரணத்தோடு இந்த வரலாறு முடியவில்லை. நமக்கு மிக நெருக்கமான பகுதி பிறகுதான் வருகிறது.

நன்குசியாவின் தம்பி சுபாஷ் வியாம். அவருடைய மனைவி துர்காபாய் வியாம். துர்காபாய் மண்ட்லா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். ஆறு வயதில் பாட்டியிடமும் தாயிடமும் டிக்னா கற்றார். போபாலுக்கு வந்தபின் ஜங்கர் ஊக்கம் கொடுத்தார். பஜ்ஜு, ராம் சிங் உர்வேதி ஆகியோருடன் சேர்ந்து அவர் வரைந்த மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய புத்தகம் சென்னையில் கறுப்புத் தாளில் கையால் அச்சிடப்பட்டு உலகம் சுற்றியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

2003இல் எழுத்தாளர் ரவிக்குமாரும் பத்திரிகையாளர் எஸ். ஆனந்தும் சேர்ந்து சாதியை மையப் பொருளாகக் கொண்டு நவயானா பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பதிப்பகம்தான் 2011இல் துர்காபாய், சுபாஷ் இருவரின் ஓவியத்தில் அண்ணலின் வாழ்க்கையைக் கொண்டுவந்தது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் ஆனந்தும். அதுதான் பீமாயணம். தமிழிலும் வந்திருக்கிறது. படிக்காத தோழர்கள் படியுங்கள்.

அண்ணல் 1930களின் நடுவில் எழுதிய தன் அனுபவக் குறிப்புகள் அதற்கு அடித்தளம். பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போன பயணத்தில் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவரை பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தியது. போக இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்து அழுதது. இதையெல்லாம் வரைய வேண்டும்.

ஓவியர்கள் முதலில் செய்தது, காமிக்ஸ் புத்தகத்தின் கட்டங்களை மறுத்தது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் வாதம். கட்டத்துக்குப் பதில் டிக்னாக் கோடு வளைந்து வளைந்து பக்கத்தைப் பிரிக்கிறது. பாட்டி சாணத் தரையில் போட்ட அதே கோடு. தீண்டாமையின் கதையைச் சொல்ல அடைப்பில்லாத பக்கம் வேண்டும் என்பது எவ்வளவு சரியான அரசியல் முடிவு!

அடுத்து, பேச்சு. சாதி வெறியோடு பேசுகிறவர்களின் சொற்களுக்குத் தேளின் கொடுக்கு முளைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின், அன்பாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை உருவில் வருகின்றன. 'கொட்டுகிற சொல்' என்று நாம் பேச்சில் சொல்வதை அவர்கள் அப்படியே கண்ணுக்குக் காட்டிவிட்டார்கள். தாகத்தில் தவிக்கும் சிறுவன் பீமின் உடம்பு மீனாகிறது. நீரில்லாத மீன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ரயில் பாம்பாக நெளிகிறது. 1927இல் மகாடில் அண்ணல் பேசும்போது ஒலிபெருக்கிகளிலிருந்து மக்கள் மேல் நீர் தெளிக்கிறது. குளத்து நீருக்காகத் திரண்ட மக்கள் அல்லவா!

கதையில் காடே இல்லை. பள்ளிக்கூடம், ரயில் நிலையம், விடுதி, நகரப் பூங்கா. ஆனால் பக்கம் முழுக்க மீனும் பறவையும் தேளும் மரமும். இங்கே இயற்கை அழகுக்காக வரவில்லை. தண்ணீர், நிழல், இருப்பிடம் ஆகியவை யாருக்கு மறுக்கப்பட்டன என்பதைச் சொல்லும் மொழியாக வருகிறது. ஜங்கரின் மான் வரவேற்பறைக்குப் போனது. துர்காபாயின் மீன் நம் கைக்கு வந்தது. இத்தனைக்கும் அந்த நூலில் ஓவியர்களின் பெயர்கள் எழுத்தாளர்களின் பெயர்களுக்கு இணையாக, அவர்களுக்கு முன்பாகவே இருக்கின்றன. 'பழங்குடி ஓவியம்' என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் பெயரை விழுங்கும் வழக்கம் அங்கே இல்லை.

நம் வேலை

இளம் தோழர்களே, 'தானாகக் கற்றவர்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் நிதானித்துப் பயன்படுத்துவோம். அது பாராட்டு போல இருக்கும். ஆனால் இரண்டு உண்மைகளை மறைக்கும். ஒன்று, அவருக்கு ஏன் கலைக்கல்லூரி கிடைக்கவில்லை என்பது. இரண்டு, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பது. பள்ளியை மறுத்தவர்களும் அதில் தப்பிவிடுகிறார்கள், கற்றுக்கொடுத்த பாட்டிகளும் காணாமல் போகிறார்கள்.

நாம் செய்யக்கூடிய சில வேலைகள் எளியவை. நம் தெருக்களில் சுவர் எழுதும், பறை கட்டும், மண்ணில் உருவம் செய்யும், கோலம் போடும் மனிதர்களைத் தேடிப் பேசுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை எழுதிவையுங்கள், அவர்கள் சம்மதித்தால் படமும் எடுத்துவையுங்கள். இயக்கக் கூட்டத்துக்குச் சுவர் எழுதச் சொன்னால் கூலியை முன்கூட்டிப் பேசிக் கொடுங்கள். 'நம்ம பையன்தானே' என்று சும்மா எழுத வைக்காதீர்கள். ஓவியத்தின் கீழே வரைந்தவர் பெயர் இருக்கட்டும். அவர்களுடைய படத்தை வேறு யாராவது அச்சிட்டு விற்றால், பங்கு கேட்க அவர்களோடு நில்லுங்கள்.

அன்று கூட்டம் முடிந்தபின் அந்தத் தம்பி பீமாயணத்தை வாங்கி நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். மீன் பக்கத்தில் நின்றுவிட்டார். அடுத்த வாரம் அவர் எழுதிய சுவரைப் போய்ப் பார்த்தேன். அண்ணலின் முகத்தைச் சுற்றி வழக்கமான நீல வட்டம் இல்லை. அம்மா போடும் சிக்குக் கோலத்தின் கோடு சுற்றி வந்திருந்தது. கீழே மூலையில் மூன்று பெயர்கள். அவருடையது, அம்மாவுடையது, மாமாவுடையது.

ஜெய் பீம்.